தாவரநூல் வல்ல ஜானகி அம்மையார்

சேலம் மாநகரின் வடபால் சேர்வராயன் மலை ஓங்கி நிற்கின்றது. அம்மலைமேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில், ஏரியும் காடும் அணிசெய்ய அமைந்த ஊர் ஏற்காடு. கீழ்நிலத்து மக்கள் கோடையின் வெம்மைக்கு அஞ்சி நாடிச்செல்லும் குளிரிடங்களுள் அஃது ஒன்றாகும். ஏரியில் ஓடம் ஊர்ந்தும், காப்பித் தோட்டங்களினூடே உலவியும், சேர்வராயன் கோயிலை வணங்கியும் மகிழ்ந்து மீள்வோர் பலர். ஆனால், அவ்வூரில் உள்ள ஒரு தாவரத் தோட்டத்தின்முன் நின்று சிந்திப்போர் சிலரே ஆவர். அது, ஆர்க்கிட் என்னும் மலர்ச்செடிகளைப் பேணுவதற்காக 1963-ஆம் ஆண்டில் இந்தியத் தாவர ஆய்வுத்துறையினரால் நிறுவப்பட்ட தோட்டமாகும்.

அத்தோட்டத்திலே வளர்க்கப்படும் செடிகளுள் ஒன்று காண்போரை வியப்பில் ஆழ்த்தவல்லது. அதன் இலைநுனி கொடிபோல் நீண்டு, அதன் முனையில் மூடியுடன் கூடிய குடுவை ஒன்று தொங்கும். குடுவையின் உள்ளே நீர் நிறைந்திருக்கும். தேனை நாடிவரும் சிறு பூச்சிகள் வழுக்கும் விளிம்பிலிருந்து தவறி அந்நீரில் வீழ்ந்து மடியும். செடி அவற்றைச் செரித்துத் தனக்கு உணவாக்கிக்கொள்ளும். குடுவைச்செடி என வழங்கும் இது, நம் நாட்டின் வடகிழக்கில் உள்ள காசி, செயிந்தியா, காரோ மலைகளுக்கு உரியது. இவ்வினத்துச் செடிகளுள் இந்தியாவில் இயற்கையாக வளர்வது இஃது ஒன்றே. அங்கே மணற்பாறை மிகுந்த மேட்டு நிலத்தில், பெருமழை சத்தையெல்லாம் அரித்துச்சென்ற வறிய மண்ணில் அது வாழ்கின்றது. மண் தாராத ஊட்டத்தைப் பூச்சிகளிடமிருந்து பெறும் வழியை இயற்கை அதற்கு வகுத்துக் கொடுத்துள்ளது. காரோ மக்கள் அதனைப் பேயின் கூடை என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். நிலக்கரிச் சுரங்கங்கள் தோண்டப்பட்டமையாலும், காடு அழிக்கப்பட்டமையாலும், ஆசையால் பறிப்போர் பெருகியமையாலும் அச்செடி அருகிவிட்டது.

வடகிழக்கு மூலையில் வளரும் செடி ஒன்றைத் தெற்கே ஒரு மலைமேல் கொண்டுவந்து வளர்ப்பானேன்? பிறந்த இடத்தில் அது ஒருகால் அழிய நேரினும், அதன் குலம் அடியோடு அற்றுப்போகாமல் இருத்தற்பொருட்டே ஆகும். நாட்டில் எந்தச் செடி எங்கே உள்ளது, எது பெருகுகின்றது, எது அருகுகின்றது என்று ஆராய்ந்து காக்கும் பணி தாவர ஆய்வுத்துறையினுடையது. அத்துறையை விடுதலை பெற்ற இந்தியாவில் மீண்டும் எழுப்புவதற்குத் திட்டம் வகுத்தவர் ஒரு பெண்மணி. அவரே ஜானகி அம்மையார்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், மலையாள நாட்டின் கடற்கரை ஊராகிய தலச்சேரியில் தோன்றினார். எடவலத்துக் கக்கத்து என்பது அவருடைய குடிப்பெயர். தந்தையார் கிருஷ்ணன், அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக விளங்கியவர். வழக்குகளை ஆராய்ந்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர் இயற்கையை ஆராய்ந்தார். வீட்டைச் சூழத் தோட்டம் வளர்த்தார். வடமலபாரின் பறவைகளைப் பற்றி நூலும் எழுதினார். உடன்பிறந்தார் பலர் நிறைந்த அப்பெருங்குடும்பத்தில், தந்தையின் செல்வத்துள் சிறந்ததாகிய இயற்கைப் பற்று ஜானகிக்கு வாய்த்தது.

அந்நாளில் பெண்மக்கள் எழுத்தறிவு பெறுதலே அரிதாக இருந்தது. பருவம் எய்தியதும் மணம் முடித்து அனுப்புதலே பெற்றோர் கடமை எனக் கருதப்பட்டது. ஜானகியின் தமக்கையர் ஒருவர்பின் ஒருவராக மணம்புரிந்து சென்றனர். ஆனால், ஜானகி கல்வியையே தமக்குத் துணையாகத் தேர்ந்தார். தலச்சேரியில் பள்ளிக்கல்வியை முடித்தபின் சென்னை இராணிமேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1921-ஆம் ஆண்டில் தாவரநூலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் சிலகாலம் ஆசிரியப் பணி ஆற்றினார். கீழ்த்திசைப் பெண்களின் மேற்கல்விக்காக அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஏற்படுத்தப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கடல் கடந்து சென்ற அவர், அங்கு முதுகலைப் பட்டம் பெற்றார். சிலகாலம் தாயகத்தில் பணியாற்றியபின் மீண்டும் சென்று, 1931-ஆம் ஆண்டில் அறிவியற் பேரறிஞர் பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் தாவரநூலில் அத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே என்பர்.

அம்மையார் சிறப்பாகப் பயின்ற துறை உயிரணுவைப் பற்றியது. ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளை மக்களுக்குக் கொண்டுசெல்வன அவையே. அவற்றின் எண்ணிக்கை இனத்திற்கு இனம் வேறுபடும். அவ்வெண்ணிக்கையையும் அமைப்பையும் அறிந்தால், எச்செடி எதற்கு உறவு, எது எங்கிருந்து வந்தது, எதனை எதனோடு கலந்து புதுப்பயிர் காணலாம் என்பவற்றை உய்த்துணரலாம். குடும்பங்களின் வழிமுறையை அறிந்த முதியோர் உறவுமுறை கூறுவதுபோல, அம்மையார் நுண்ணோக்கியின் வழியே செடிகளின் உறவுமுறையைக் கண்டறிந்தார்.

திருவனந்தபுரத்தில் பேராசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றியபின், 1934-ஆம் ஆண்டில் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அந்நிலையம் 1912-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் அங்கே ஓர் அரிய செயலைச் செய்திருந்தனர். பருத்துச் சாறு மிகுந்த கரும்பு இனிமையுடையது. ஆனால், நோய்க்கும் வறட்சிக்கும் ஆற்றாது வீழ்வது. ஆற்றங்கரைகளில் தானே முளைக்கும் நாணலோ இனிமை அற்றது; எனினும், எதற்கும் சாயாத உரம் வாய்ந்தது. உறவுடைய இவ்விரண்டையும் அவர்கள் கலந்தனர். இனிமையும் உரமும் ஒருங்கே பொருந்திய கரும்பினங்கள் தோன்றின. அவை நாட்டின் பல பகுதிகளிலும் பரவி உழவரை வாழ்வித்தன. ஜானகி அம்மையார் இக்கரும்பினங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். நாணலின் வகைகள் நாடெங்கும் பரவியுள்ள முறையை விளக்கினார். கரும்பை மக்காச்சோளம் முதலிய வேறு புல்லினங்களோடும் கலந்து சோதனைகள் செய்தார்.

இவ்விடத்தில் அம்மையார் கற்ற பாடம் அவர் வாழ்நாள் முழுவதற்கும் வழிகாட்டியது எனலாம். யாரும் விதைக்காத, யாரும் காவாத, எருமை மேயும் காட்டுப்புல் ஒன்று, கோடிக்கணக்கான மக்களுக்கு இனிப்பூட்டும் பயிரைக் காத்தது. அப்புல் அதற்குமுன் அழிந்துபோயிருந்தால் அறிஞர்களின் கூர்மதியெல்லாம் கூடினும் அதனைப் படைத்திருத்தல் இயலாது. ஆதலின், பயனற்ற பூண்டு என்று ஒன்றனைத் தள்ளுவது, அதன் பயனை நாம் இன்னும் அறியோம் என்று ஒப்புக்கொள்வதே ஆகும்.

கோயம்புத்தூரில் அவர் வாழ்வு இனிதாக அமையவில்லை. பெண் என்பதாலும், மணம்புரியாது தனித்து வாழ்ந்தவர் என்பதாலும், தாழ்த்தி எண்ணப்பட்ட குலத்தில் தோன்றியவர் என்பதாலும், உடன் பணிபுரிந்தோர் சிலர் அவருக்கு இடையூறு விளைத்தனர். அவர் எவரோடும் பூசலிட்டு நில்லாது, தம் பணிக்கு இடமுள்ள திசையை நாடினார். 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் எடின்பரோ நகரில் நடைபெற்ற மரபியல் அறிஞர் பேரவைக்குச் சென்றார். அடுத்த திங்களிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மையார் இங்கிலாந்திலேயே தங்கும்படி ஆயிற்று.

இலண்டன் நகரின் அருகில் இருந்த ஜான் இன்னிசு தோட்டக்கலை நிலையத்தில் அவர் பணி ஏற்றார். இரவில் பகைவரின் விமானங்கள் குண்டுமாரி பொழியும். அம்மையார் கட்டிலின் கீழே பதுங்கிக்கொள்வார். பொழுது விடிந்ததும், உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் தட்டுகளிலிருந்து துடைத்தெறிந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்குவார். இங்ஙனம் உழைத்ததன் பயனாக, டார்லிங்டன் என்னும் ஆங்கிலப் பேரறிஞரும் அவரும் சேர்ந்து இயற்றிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை 1945-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள தாவர அறிஞர்க்கு அது கையேடாயிற்று. பின்னர் விசுலியில் உள்ள அரச தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றியபோது, நம் நாட்டுச் செண்பகத்திற்கு உறவான மக்னோலியா மரங்களை அவர் ஆராய்ந்தார். அங்கே அவர் முயற்சியால் வளர்ந்த மரங்களின் வகை ஒன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நாடு விடுதலை பெற்றது. பிரதமர் ஜவாகர்லால் நேரு அம்மையாரைத் தாயகம் திரும்புமாறு அழைத்தார். 1952-ஆம் ஆண்டில், இந்தியத் தாவர ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் தனி அலுவலராக அவர் அமர்த்தப்பட்டார். அத்துறை ஆங்கிலேயரால் 1890-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது, இடையில் நலிவுற்றிருந்தது. மேலும், அதில் ஒரு பெருங்குறை இருந்தது. நம் மலைகளிலும் காடுகளிலும் திரட்டப்பட்ட செடிகளுள் மிகப் பல உலர்த்தப்பட்டு, இலண்டன் மாநகரத்துக் கியூ தோட்டத்திற்கும் பிற அருங்காட்சியகங்களுக்கும் அனுப்பப்பட்டிருந்தன. தன் வீட்டு முற்றத்தில் முளைத்த செடியின் வரலாற்றை அறிய ஓர் இந்தியன் கடல் கடந்து செல்லவேண்டிய நிலை! 99 மலர்களைக் குறிஞ்சிப் பாட்டில் பெயர்சொல்லி அடுக்கிய கபிலரைப் பெற்ற நாட்டிற்கு இது பெருமை தருவதன்று. இந்தியாவின் தாவரங்களை இந்தியரே தேடி, இந்தியரே ஆராய்ந்து, இந்நாட்டிலேயே பேணுதல் வேண்டும் என்று அம்மையார் உறுதியாகக் கருதினார். அதற்கேற்ப, நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து ஆராயும் திட்டம் உருவாயிற்று.

துறை 1954-ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றது. எனினும், அதன் தலைமை அம்மையாரிடம் நிலைக்கவில்லை. சந்தாப்பௌ என்னும் ஐரோப்பியத் துறவியாராகிய அறிஞரிடம் அது சென்றது. நாற்று நட்டவர் ஒருவர், கதிர் அறுத்தவர் மற்றொருவர் என்பதுபோல இது அமைந்தது. அம்மையார் வருந்தினார், ஆயினும், தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. அலகாபாத்திலும், பின்னர்ச் சம்முவிலும் ஆய்வுக்கூடங்களில் அவர் தொண்டு தொடர்ந்தது. நட்ட நாற்றும் பயனின்றிப் போகவில்லை. 1955-ஆம் ஆண்டில் துறையின் தென்வட்டாரம் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. எட்டாண்டுகள் கழித்து ஏற்காட்டுத் தோட்டம் அவ்வட்டாரத்தின் கீழேயே எழுந்தது.

தாவரங்களைத் தேடிச் சென்ற நாள்களில் அம்மையாரின் நெஞ்சைச் சுட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. அக்காலத்து அசாமின் தலைநகரான சில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில் ஓர் அரிய மக்னோலியா மரம் நின்றது. அவ்வகையில் அப்பகுதியில் எஞ்சியிருந்தது அஃது ஒன்றே. அதனைக் காணும் ஆவலோடு அம்மையார் அவ்விடத்தை அடைந்தார். அங்கே அவர் கண்டது எரிந்துபோன மரத்தையே! விளைநிலம் வேண்டிக் காட்டை எரித்தழிக்கும் வழக்கம் எங்கும் மிகுந்திருந்த காலம் அது. உணவைப் பெருக்குதல் நாட்டிற்கு இன்றியமையாதது என்பதை அம்மையார் அறியாதவர் அல்லர். தாமே கரும்பைப் பெருக்கும் பணியில் ஈடுபட்டவர் அன்றோ? ஆனால், நாளைய பயிருக்கு உரமூட்டும் காட்டுச்செடியை இன்றைய பயிருக்காக எரிப்பது, விதைநெல்லைக் குற்றி உண்பதற்கு ஒப்பாகும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்தார். 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்சுடன் நகரில், மனிதன் இந்நிலவுலகின் தோற்றத்தை மாற்றிவரும் முறையை ஆராயக் கூடிய பேரவையில் கலந்துகொண்ட ஒரே பெண்மணி ஜானகி அம்மையாரே. இயற்கையை அழிக்காமல் அதனோடு இயைந்து வாழும் நம் மலைமக்களின் வாழ்க்கைமுறையை அவர் அங்கு எடுத்துரைத்தார்.

ஒரு மரம் எரிந்ததற்கு இவ்வளவு வருந்தலாமோ எனச் சிலர் எண்ணக்கூடும். ஏற்காட்டுக் குடுவைச்செடி இதற்கு விடை கூறும். அச்செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்செடியின் பூந்தாது பெண்செடியின் மலரைச் சேர்ந்தாலன்றி விதை உண்டாகாது. ஒரு குன்றில் ஒன்றே எஞ்சிவிட்டால், அஃது எவ்வளவு செழித்து வளரினும் வழித்தோன்றல் இன்றியே முடியும். ஆகவே, ஒரு செடியைக் காத்தல் என்பது அதன் கூட்டத்தையும், அதனை நாடிவரும் பூச்சியையும், அது வேரூன்றிய மண்ணையும் ஒருங்கே காத்தலாகும். தோட்டத்தில் வைத்து வளர்த்தல் நோயுற்றவனை மருத்துவமனையில் வைத்துப் பேணுதல் போன்றது. அது வேண்டியதே, ஆயினும், அவன் நிலையாக வாழவேண்டிய இடம் அவனுடைய வீடே அன்றோ?

சேர்வராயன் மலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என இம்மலையின் பெயரையே தன் பெயரிற் கொண்ட சிறுமரம் ஒன்று இங்கு உண்டு. கேம்பிள் என்னும் ஆங்கில அறிஞர் இட்ட பெயர் அது. சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த செடிகளுட் பல பூண்டுகளாக இருக்க, இது மரமாக வளர்வது வியப்பன்றோ! பிற நாடுகளில் எங்குத் தேடினும் இது கிட்டாது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இம்மலையிற் காப்பி பயிரிடப்பட்டு வருகின்றது. 20-ஆம் நூற்றாண்டில் அலுமினியத்திற்குரிய பாக்சைட்டுக் கனியும் வெட்டியெடுக்கப்பட்டது. காப்பியும் வேண்டும், உலோகமும் வேண்டும். ஆனால், வேறு எங்கும் பெறமுடியாத ஒன்றை இழந்து எங்கும் பெறக்கூடிய ஒன்றை அடைதல் அறிவுடைமை ஆகாது.

1970-ஆம் ஆண்டில் அம்மையார் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்தின் தாவரநூல் ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்து, மதுரவாயலில் எளிய வாழ்வு வாழ்ந்தார். மருந்துச் செடிகளைத் தோட்டமிட்டு வளர்த்தார். மலைவாழ் மக்கள் எந்தப் பச்சிலையை எந்த நோய்க்குப் பயன்படுத்துகின்றனர் என்பதைக் கேட்டறிந்து தொகுப்பதில் பெருவிருப்பம் காட்டினார். செடி அழிந்தால் மருந்து அழியும்; அதனை அறிந்த முதியோர் மறைந்தால், செடி இருந்தும் மருந்து அழியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1977-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது.

அந்நாளில் பெரியதொரு வழக்கு எழுந்தது. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பழங்காட்டினூடே குந்திப்புழை ஆறு ஓடுகின்றது. அவ்வாற்றில் அணைகட்டி மின்சாரம் பெறுதற்குத் திட்டமிடப்பட்டது. அணை எழுந்தால் தொன்மையான காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். மின்விளக்கும் தொழிலும் வேண்டிய மக்கள் ஒருபுறம். காட்டைக் காக்க எழுந்த அறிஞரும் ஆசிரியரும் கவிஞரும் மாணவரும் மறுபுறம். அம்மையாரின் பிறந்த நாட்டின் தேவையும், அவர் வாழ்நாள் முழுவதும் போற்றிய பசுமையும் எதிரெதிரே நின்றன. எண்பது வயதை எய்திய அம்மையார் காட்டின் பக்கமே நின்றார். வெறுஞ்சொல்லோடு அமையாமல், மூழ்க இருந்த அப்பள்ளத்தாக்கின் மரங்களது குரோமோசோம்களை ஆராயும் பணியை மேற்கொண்டார். காடு ஒருகால் மறையினும் அதனைப் பற்றிய அறிவேனும் மறையாதிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நாடெங்கும் எழுந்த குரலுக்குப் பயன் கிட்டியது; அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. ஆனால், அந்நற்செய்தியைக் கேட்க அம்மையார் இருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள், தம் 86-ஆம் வயதில், பணியில் ஈடுபட்டிருந்தபோதே அவர் உயிர் நீத்தார்.

சம்முவில் உள்ள உலர்தாவரக் கூடம் ஒன்று அம்மையார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாவர வகைப்பாட்டில் சிறந்தோர்க்கு நடுவண் அரசு அவர் பெயரால் விருது வழங்கிவருகின்றது. எனினும், அவருக்கு உரிய உண்மையான நினைவுச்சின்னம் கல்லிலும் தாளிலும் இல்லை. ஏற்காட்டுத் தோட்டத்தில் தன் குடுவையை ஏந்தி நிற்கும் செடியிலும், அமைதிப் பள்ளத்தாக்கில் இன்றும் ஓடும் ஆற்றிலும் அது விளங்குகின்றது. சிறு பூண்டேயாயினும் அதன் பெயரை அறிதல், இடத்தை அறிதல், அதற்கு ஊறு செய்யாதிருத்தல் ஆகிய இம்மூன்றும் நம்மால் இயல்வன. மலைமேற் செல்லும் மாணவர், கண்ட மலரைப் பறித்து வாடவிடாமல், கண்டு மகிழ்ந்து அதன் கிளையிலேயே விட்டுவருவாராயின், அதுவே அவர்கள் ஜானகி அம்மையாருக்குச் செய்யும் நன்றியாகும்.